மேச்சி கேவ்: கண்ணை உள்ளே திருப்பிய துறவி அம்மையார்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: "தாய்லாந்தில் ஆவிகளையும் தேவர்களையும் பார்த்துப் பேசிய வயதான பெண் துறவி ஒருவர் இருந்தாராமே, அவர் யார்? அந்தச் சக்தி அவருக்கு எப்படி வந்தது? இதையெல்லாம் நம்பலாமா?"

அவர் பெயர் மேச்சி கேவ். 1901 நவம்பர் 8-ல் பிறந்து 1991 ஜூன் 18-ல், எண்பத்தொன்பது வயதில் மறைந்தார். தாய்லாந்து, இலங்கை போன்ற நாடுகளில் வழங்கும் தேரவாத பௌத்தத்தின் வனத்துறவி மரபைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அந்த மரபில் புகழ்பெற்ற பிக்குகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனாலும் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது, பள்ளிக்கூடம் போகாத இந்த விவசாயக் குடும்பத்துப் பெண்ணிடம்தான். அவருக்குச் சக்தி இருந்தது என்பதைவிட, அதிலிருந்து கண்ணைத் திருப்ப அவர் பட்ட பாடு என்னை அதிகம் இழுக்கிறது. அதை விட்டுவிட்டு வெறும் அற்புதங்களை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

முதலில் ஊர். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நாம் ஈசானிய மூலை என்று சொல்கிறோமே, அதே வடமொழிச் சொல்தான். மீகாங் ஆற்றை ஒட்டிய முக்தாஹான் பகுதியில் ஹுவாய் சாய் என்றொரு கிராமம். அங்கே வாழ்பவர்கள் பூ தாய் என்ற இனத்தார். நெல் விளைவிப்பது, பட்டுப்புழு வளர்ப்பது, தறி நெய்வது என்று கைக்கு ஓய்வில்லாத மக்கள். பௌத்தர்கள் என்று சொல்லிக்கொண்டாலும் அந்தக் காலத்தில் அவர்களுடைய அன்றாட பயமும் நம்பிக்கையும் 'பீ' எனப்படும் ஆவிகளிடம்தான் இருந்தன. வயலுக்கு ஒரு பீ, காட்டுக்கு ஒரு பீ, வீட்டுக்கு ஒரு பீ. நோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் அவற்றுக்குப் படையல் போட வேண்டும். தாபாய் என்ற பெயரோடு நம் அம்மையார் பிறந்து வளர்ந்தது இந்த உலகத்தில். தாய்லாந்தில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்ததே 1921-ல்தான். அப்போது அவருக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

1910-களில் ஆஜான் சாவோ என்ற துறவி அந்தப் பக்கம் வந்து தங்கினார். ஆஜான் என்பது நம்முடைய ஆசாரியர் என்ற சொல்லின் தாய்லாந்து வடிவம். பீ வழிபாட்டை விட்டுவிட்டுப் புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடையுங்கள், சீலத்தை, அதாவது ஒழுக்க விதிகளை, காத்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஊராருக்குச் சொன்னார். பின்னர், 1917 வாக்கில், அவருடைய சீடர் ஆஜான் மன் பூரிதத்தர் வந்தார். இன்று தாய்லாந்து வனத்துறவி மரபு என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது பெரும்பாலும் இவர் வழியாக வந்ததுதான். விகாரையில் உட்கார்ந்து பாளி படிப்பதைவிட, குடையும் பிச்சைப் பாத்திரமுமாகக் காடு காடாக அலைந்து, புலி உலவும் இடத்தில் உட்கார்ந்து மனதைப் பழக்குவதே வழி என்று வாழ்ந்தவர்.

தாபாய்க்கு அப்போது பதினாறு வயது இருக்கும். காலையில் துறவிகளுக்கு உணவு கொடுக்கப் போகும் பெண்களோடு இவரும் போவார். ஆஜான் மன் இந்தப் பெண்ணைக் கவனித்து, தியானம் செய்யச் சொன்னார். முறை மிக எளிமையானது: 'புத்தோ, புத்தோ' என்று புத்தரின் பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தன்னால் முடியுமா என்று தயங்கித் தயங்கித்தான் தாபாய் ஒரு மாலை உட்கார்ந்தார். உட்கார்ந்த சிறிது நேரத்தில் மனம் கிணற்றில் விழுந்த கல்லைப் போல ஆழத்துக்குப் போய்விட்டது. அங்கே தன்னுடைய பிணத்தையே பார்த்தார். உறவினர்கள் அழுகிறார்கள், சடங்குகள் நடக்கின்றன, ஆஜான் மன் வந்து நிற்கிறார். அவர் கைத்தடியால் தட்டத் தட்ட அந்த உடல் சிதைந்து உதிர்ந்துகொண்டே போகிறது. கண் விழித்தபோது விடிந்துவிட்டது.

பயந்துபோனார். இரவெல்லாம் தூங்கிக் கெட்ட கனவு கண்டுவிட்டோம், உணவு கொண்டுபோகவும் தாமதமாகிவிட்டது என்று ஓடினார். நடந்ததைக் கேட்ட ஆஜான் மன் மகிழ்ந்துபோய், நீ தூங்கவில்லை அம்மா, அதுதான் சமாதி, மனம் ஒருமுகப்பட்டு ஆழ்ந்த நிலை என்று விளக்கினாராம். பல வருடம் உட்கார்ந்தும் கிடைக்காதது இந்தப் பெண்ணுக்கு முதல் நாளே கிடைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விதவிதமான காட்சிகள். தேவர்கள், செத்தவர்கள், விலங்கின் ஆவிகள்.

ஆஜான் மன் அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது இரண்டு விஷயங்கள் சொன்னார். நீ ஆண்பிள்ளையாக இருந்தால் உன்னை சாமணேரனாக்கி, அதாவது இளந்துறவியாக்கி, கூடவே அழைத்துப் போயிருப்பேன் என்பது ஒன்று. நான் போன பிறகு தியானம் செய்யாதே என்பது இரண்டாவது.

தியானத்தை ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்த ஒரு மகான், தன்னிடம் வந்தவர்களிலேயே மிகத் திறமையான ஒருத்தியிடம் தியானம் செய்யாதே என்கிறார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. பெண் என்பதால் தடுத்தாரோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. தாபாயின் மனம் வெளியே பாய்கிற மனம். கட்டுத்தறி இல்லாத குதிரையைப் போல எந்த உலகத்துக்குள்ளும் ஓடிப்போய்விடும். பார்ப்பது எது, தானே கற்பனை செய்துகொள்வது எது என்று பிரித்துச் சொல்லவும், பயம் வந்தால் கை பிடிக்கவும் பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால், அந்த மனம் புத்தி பேதலிப்பில் போய் முடியலாம். நல்ல குரு ஒருவர் வரும்வரை பொறு, ஒருநாள் நீ துறவு ஏற்பாய் என்றுதான் அவர் சொல்லிவிட்டுப் போனார். தாபாய் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நஞ்சமல்ல, ஏறக்குறைய இருபது வருடம்.

அந்த இருபது வருடம் ஒரு சாதாரண ஈசான் குடியானவப் பெண்ணின் வாழ்க்கை. பதினேழு வயதில் கல்யாணம். நடவு, அறுப்பு, நெசவு, சமையல். புகுந்த வீட்டில் கோயிலுக்குப் போகக்கூட அனுமதி கிடைப்பது அரிது. துறவு ஏற்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் கணவர் முடியாது என்றார். குழந்தையில்லை. உறவில் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து, கேவ் என்று பெயர் வைத்து வளர்த்தார். கேவ் என்றால் பளிங்கு, மணி என்று பொருள். தாயும் மகளும் எப்போதும் ஒன்றாகவே திரிந்ததால் ஊரார் இவரை 'மே கேவ்', அதாவது கேவின் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தாபாய் என்ற பெயர் மெல்ல மறைந்துபோனது.

1937-ல், முப்பத்தைந்து வயதில், ஒரு மழைக்காலம் மட்டும், மூன்றே மாதம், என்று கணவர் இறங்கி வந்தார். தலை மழித்து, வெள்ளை உடுத்தி, மே கேவ் மேச்சி கேவ் ஆனார். மூன்று மாதம் முடிந்து வீடு திரும்பியபோது அந்த வீட்டில் அவருக்கான இடம் இல்லாமல் போயிருந்தது. சொத்தைக் கணவரிடமே விட்டுவிட்டுத் திரும்பவும் வெள்ளை உடுத்திக்கொண்டார். மகளையும் தன்னோடு வைத்துக்கொள்ள நினைத்தார். பிச்சை உணவை நம்பி வாழும் இடத்தில் குழந்தையை எப்படி வளர்ப்பது என்ற வேதனையோடு தகப்பனிடம் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவருடைய காட்சிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

இங்கே மேச்சி என்றால் யார் என்பதைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் பிக்குணி, அதாவது பிக்குவைப் போல முழுத் துறவு ஏற்ற பெண், என்று நினைத்துக்கொள்கிறோம். தாய்லாந்தில் பிக்குணி சங்கத்துக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடையாது. 1928-ல் இரு சகோதரிகள் காவி உடுத்தித் துறவு ஏற்றதை அடுத்து, பிக்குகள் யாரும் பெண்களுக்குத் துறவு தரக்கூடாது என்று சங்கத்தின் தலைமையே ஆணையிட்டது. அதனால் துறவு வேண்டும் என்கிற பெண் மேச்சியாகத்தான் ஆக முடியும். தலையோடு புருவத்தையும் மழித்து, வெள்ளை உடுத்தி, எட்டு சீலங்களைக் கடைப்பிடிப்பார்கள். நண்பகலுக்குப் பிறகு உணவு கிடையாது, பிரம்மச்சரியம், அலங்காரம் கிடையாது, இப்படி. சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிலை பரிதாபமானது. வாக்குரிமை என்று வரும்போது துறவிகள் என்று சொல்லி மறுத்தார்கள். பிக்குகளுக்குக் கிடைக்கும் பயணச் சலுகை என்று வரும்போது துறவிகள் அல்ல என்றார்கள். பல விகாரைகளில் மேச்சிகளின் வேலை சமையலும் கூட்டிப் பெருக்குவதும்தான். தாய்லாந்துப் பெண்ணான தம்மானந்தா 2003-ல் முழுப் பிக்குணியாக ஆனபோது இலங்கைக்குப் போய்த்தான் ஆக முடிந்தது. மேச்சி கேவ் வெள்ளை உடுத்தியதற்கு 66 வருடம் கழித்து நடந்தது அது.

சரி, காட்சிகளுக்கு வருகிறேன். இருபது வருடம் அடைத்து வைத்திருந்த மடை துறவுக்குப் பிறகு திறந்துகொண்டது. சொர்க்கங்களுக்குப் போனது, பசியோடு அலையும் பிரேதங்களைக் கண்டது, தொலைவில் யாருக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தது, இப்படி அவர் பிற்பாடு குருவிடம் சொன்னவை ஏராளம். அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், என் நெஞ்சை விட்டுப் போகாத ஒன்று.

ஒரு நாள் தியானத்தில் ஒரு காட்டுப்பன்றியின் ஆவி வந்து நின்றது. இரை தேடிப் போகும்போது வேட்டைக்காரன் சுட்டுவிட்டான் என்றது. மறுபடியும் விலங்காகவே பிறந்து, பயந்து பயந்து வாழ வேண்டியிருக்குமே என்று நடுங்கியது. என்னிடம் தானமாகக் கொடுக்க என் உடம்பைத் தவிர எதுவும் இல்லை. நாளை என் இறைச்சி உங்களிடம் வரும், தயவு செய்து மறுக்காமல் உண்ணுங்கள், அந்தப் புண்ணியத்தால் நான் மனிதனாகப் பிறக்க வேண்டும் என்று கெஞ்சியது. மறுநாள் பன்றிக்கறி வந்தது. மேச்சி கேவ் தன்னோடு இருந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னார். எல்லாரும் கருணையோடு அதை உண்டு, புண்ணியத்தை அந்த உயிருக்கு அர்ப்பணித்தார்கள்.

துறவியர் இறைச்சி உண்பதா என்று நம்மவர்களுக்குத் தோன்றும். தேரவாதத்தில் பிச்சையாக வருவதை விலக்காமல் உண்பதே வழக்கம். தனக்காகவே கொல்லப்பட்டது என்று கண்டாலோ கேட்டாலோ சந்தேகப்பட்டாலோ மட்டும் தொடக்கூடாது. இந்தக் கதையில் என்னைத் தொடுவது வேறு. ஆவி வந்து ஒரு துறவியிடம் பயமுறுத்தவில்லை, புதையல் இருக்கும் இடம் காட்டவில்லை. எதுவும் இல்லாத ஓர் உயிர், தானம் செய்ய ஒரு வாய்ப்புக் கேட்கிறது. அவ்வளவுதான். அவர் கண்ட காட்சிகளில் பெரும்பாலானவை இப்படித் துன்பத்தைப் பற்றியவை.

இதற்கிடையே அவருடைய குழுவுக்கு வழிகாட்டி வந்த துறவி ஒருவர், அவரும் இதே போல மற்ற உலகங்களைக் காணும் திறன் உள்ளவர், காதல்வயப்பட்டுக் காவியைக் களைந்துவிட்டார். எத்தனை உலகம் கண்டாலும் மனதுக்குள் இருக்கும் ஆசை அப்படியே இருக்கக்கூடும் என்பதை மேச்சி கேவ் கண்ணெதிரே பார்த்தார். ஆனால் அது தனக்கும் பொருந்தும் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். 1945-ல் ஹுவாய் சாய்க்கே திரும்பி, பெண்களுக்கென்று தனியாக ஒரு துறவு மடம் அமைத்தார்.

ஆஜான் மன் அப்போது சகோன் நகோன் பகுதியில், முதுமையில் இருந்தார். மேச்சிகள் கூட்டமாகக் காட்டுவழியே நடந்து போய் அவரைப் பார்த்துவிட்டு வருவார்கள். 1949-ல் அவர் நோயுற்றபோது, சீக்கிரம் வா, காலம் இல்லை என்று அவர் தியானத்தில் வந்து சொன்னதாகவும், தான் இதோ போகிறேன் அதோ போகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததாகவும் மேச்சி கேவ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நவம்பரில் ஓர் இரவு கடைசியாக வந்து கடிந்துகொண்டார். விடியலில் அழுத கண்ணோடு மேச்சி கேவ் மற்றவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, ஊர்க்காரர் ஒருவர் ஓடிவந்தார். ஆஜான் மன் மறைந்துவிட்டார், வானொலியில் சொன்னார்கள் என்றார்.

அப்புறம் 1951. ஆஜான் மன்னின் சீடர் மகா புவா, சில துறவிகளோடு ஹுவாய் சாய் பக்கத்து மலையில் வந்து தங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு, மேச்சி கேவுக்கு ஐம்பது. உபோசதம் எனப்படும் பௌத்த விரத நாட்களில் மேச்சிகள் மலையேறிப் போய் அவருடைய உரையைக் கேட்பார்கள். மேச்சி கேவ் தன் காட்சிகளை ஒவ்வொன்றாக விவரித்தார். நரகம், சொர்க்கம், பிரேதம், நாகர்கள். மகா புவா கேட்டுக்கொண்டார். அவை பொய் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. சில நாள் கழித்து, மனதை வெளியே அனுப்பாமல் உள்ளே நிறுத்தப் பழகு என்றார். மேச்சி கேவ் கேட்கவில்லை. இன்னும் சில நாள் கழித்து, வெளியே போகவே கூடாது என்றார். மேச்சி கேவ் வாதாடினார். உலகங்களைப் பார்ப்பதுதானே ஞானம், அதை எப்படி விடுவது என்றார்.

அந்த வாதத்தில் மகா புவா சொன்னதன் சாரம் இது: ஊனக்கண்ணால் மரத்தையும் மனிதனையும் பார்க்கிறோம். அதனால் ஒருவனுடைய கோபமோ ஆசையோ குறைந்துவிடுகிறதா? இல்லையே. உள்கண்ணால் தேவர்களையும் பிரேதங்களையும் பார்ப்பதும் அப்படித்தான். பார்க்கப்படும் பொருள் வேறு, அவ்வளவே. துன்பத்தின் வேர் பார்க்கிறவரின் மனதுக்குள் இருக்கிறது, அங்கே பார்.

மேச்சி கேவ் விடவில்லை. ஒரு நாள் மகா புவாவுக்குக் கோபம் வந்துவிட்டது. போ இங்கிருந்து, இனி இந்த மலைக்கு வராதே என்று எல்லார் முன்னிலையிலும் விரட்டிவிட்டார். ஐம்பது வயது அம்மையார் அழுதுகொண்டே மலையிறங்கினார்.

அவருடைய முழு வாழ்க்கையிலும் என்னை அதிகம் பாதிப்பது அடுத்து வந்த சில நாட்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சட்டம் அவரைத் துறவியாக மதிக்கவில்லை. படிப்பு இல்லை. வீடு போயிற்று, மகளைப் பிரிந்தாயிற்று. ஊரில் அவருக்கு இருந்த ஒரே மதிப்பு, மற்றவர்களிடம் இல்லாத ஒரே சொத்து, அந்தப் பார்வைதான். பதினாறு வயதிலேயே ஆஜான் மன் கண்டுகொண்டு பாராட்டிய திறமை. அதையும் விடு என்றால்?

மடத்தில் தனியே உட்கார்ந்து அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்: அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டேன் என்கிறாய், அவர் சொன்னதை ஒரு முறையாவது செய்து பார்த்தாயா? செய்யாமலே தப்பு என்று எப்படிச் சொல்கிறாய்? சரி, செய்துதான் பார்ப்போம், செத்தால் சாகிறேன் என்று உட்கார்ந்தார். மனம் வெளியே பாயும்போதெல்லாம் 'புத்தோ'வில் கட்டி இழுத்தார். அந்த நாட்களின் தியானம் ஒன்றில் மகா புவா கூரிய கத்தியோடு வந்து தன் உடலைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவதைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். பதினாறு வயதில் கைத்தடி, ஐம்பது வயதில் கத்தி. இரண்டு குருமாரும் செய்தது ஒரே வேலை. அந்த உடல் போன பிறகு அறியும் உணர்வு ஒன்று மட்டும் தனியாக, அசையாமல் நின்றது.

சில நாள் கழித்து மறுபடி மலையேறினார். வராதே என்றேனே என்று மகா புவா அதட்டினார். கொஞ்சம் பொறுங்கள், சொல்வதைக் கேட்டுவிட்டு விரட்டுங்கள் என்று நடந்ததைச் சொன்னார். மகா புவா முகம் மாறியது. இதுதான், இனி இதை விடாதே என்றார்.

இதற்குப் பின் வந்தது ஒரு வருடத்துக்கும் மேலான கடும் உழைப்பு. உடலை முடி, நகம், பல், தோல் என்று பிரித்துப் பிரித்து, அதன் அழுக்கையும் அழிவையும் பார்த்து ஆசையை அறுப்பது. அப்புறம் நினைவையும் எண்ணத்தையும் வந்து போகிறவையாகப் பார்ப்பது. ஒரு கட்டத்தில் மனம் ஒளிமயமாக, குறையே இல்லாததாகத் தெரிந்தது. இதுதான் நிப்பானம், அதாவது நிர்வாணம், என்று யாரும் நின்றுவிடக்கூடிய இடம். அந்த ஒளியும் அவிஜ்ஜைதான், அறியாமை உடுத்தும் மிக அழகான உடை அது என்பது மகா புவாவின் போதனை. 1952 நவம்பர் 1 அன்று அதையும் கடந்தார் என்று அந்த மரபு சொல்கிறது. பின்னாளில் மகா புவா அவரை அரகந்தர், அதாவது முழு விடுதலை அடைந்தவர், என்று வெளிப்படையாகவே அறிவித்தார். பிக்குணி ஆகவே வாய்ப்பில்லாத ஒரு பெண், பிக்குகள் வாழ்நாளெல்லாம் தேடுவதை அடைந்துவிட்டார் என்று அந்நாட்டின் மிக மதிக்கப்பட்ட பிக்குகளில் ஒருவர் சொன்னார். அதன் கனத்தைக் குறைத்து மதிக்கக்கூடாது.

சக்தி எப்படி வந்தது என்ற கேள்விக்கு பௌத்தம் தரும் விளக்கத்தை இப்போது சொன்னால் புரியும். சமாதி ஆழமாகும்போது ஆறு விதமான அபிஞ்ஞைகள் கைகூடலாம் என்பார்கள்: இத்தி எனப்படும் சித்துகள், தெய்வீகச் செவி, பிறர் மனம் அறிதல், முற்பிறவி நினைவு, தெய்வீகக் கண், ஆசவங்கள் எனப்படும் மன மாசுகளின் அழிவு. முதல் ஐந்தும் உலகியல் சார்ந்தவை. தியானத் திறமை உள்ள யாருக்கும் வரலாம், போகவும் போகலாம். ஆறாவது ஒன்றுதான் விடுதலை. எல்லாருக்கும் முதல் ஐந்து வரும் என்றும் இல்லை. மேச்சி கேவ் போன்றவர்களுக்கு அது முற்பிறவிகளின் பழக்கத்தால் இயல்பாக அமைவது என்று அந்த மரபு நம்புகிறது. புத்தர் காலத்திலும் சித்துகளில் முதன்மையானவர் என்று உத்பலவர்ணை என்ற பிக்குணி போற்றப்பட்டார்.

ஆனால் புத்தர் சித்துகளைக் காட்டுவதை விரும்பவில்லை. ராஜகிருகத்து வணிகர் ஒருவர் உயரமான மூங்கிலின் மேல் சந்தனப் பாத்திரம் ஒன்றை வைத்து, முடிந்த முனிவர் பறந்து வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றார். பிண்டோல பாரத்வாஜர் ஆகாயத்தில் எழும்பி அதை எடுத்தும் காட்டினார். புத்தர் பாராட்டவில்லை. கடிந்துகொண்டு, இல்லறத்தார் முன் இனி யாரும் சித்து காட்டக்கூடாது என்று விதியே போட்டார். நாளந்தாவில் கேவட்டன் என்ற இளைஞன், பிக்குகள் அற்புதம் செய்து காட்டினால் ஊரே உங்களிடம் வந்துவிடும் என்று வேண்டியபோதும் மறுத்தார். நம்பாதவன் அது வெறும் மந்திர வித்தை என்று சொல்லிவிடுவான். ஒரு மனிதனை மாற்றும் போதனை ஒன்றே மேலான அற்புதம் என்றார். மகா புவா மலையில் ஓர் அம்மையாரிடம் பட்ட கோபத்தின் வேர் அந்தப் பதிலில் இருக்கிறது.

நம்பலாமா? இதில் நான் நேராகவே பேசுகிறேன். மேச்சி கேவ் எதையும் எழுதி வைக்கவில்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னது, மகா புவா தன் உரைகளில் எடுத்துச் சொன்னது, மகா புவாவின் அமெரிக்கச் சீடர் ஒருவர் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாறு, இவை வழியாகத்தான் நமக்கு வருகிறது. பன்றியின் ஆவியைச் சோதனைச்சாலையில் நிறுத்திச் சோதிக்க வழியில்லை. அறிவியல் ஆதாரம் கேட்பவருக்கு என்னிடம் கொடுக்க எதுவும் கிடையாது. அவர் கேட்பதும் நியாயம்தான். எனக்கு முக்கியமாகப் படுவது இது: சக்தியைக் காட்டிக் காசோ கூட்டமோ சேர்க்க நினைக்கும் ஆள், அந்தச் சக்தியை விடு என்று விரட்டியடித்த குருவிடம் திரும்பிப் போவாரா? தான் தோற்ற கதையைத் தானே மற்றவர்களுக்குச் சொல்வாரா? அவர் உண்மையாகவே கண்டதைச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்டவை வெளியே இருக்கும் உலகங்களா, மனதின் ஆழத்திலிருந்து எழுந்தவையா என்பதில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், மகா புவா அவரிடம் கேட்ட கேள்வி அப்படியே நிற்கும்.

தியானம் பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் ஒளி தெரிகிறது, உருவங்கள் தெரிகின்றன, இது நல்லதா கெட்டதா என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் மேச்சி கேவின் கதையைத்தான் சொல்வது வழக்கம். பயப்படவும் வேண்டாம், பின்னாலேயே போகவும் வேண்டாம், நல்ல ஆசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்பேன். உறக்கமும் உணவும் கெட்டு, பயம் மிஞ்சினால் உட்காருவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள் என்றும் சொல்வேன். ஆஜான் மன்னே நிறுத்தச் சொன்னவர்தானே.

1952-க்குப் பிறகு அந்தக் காட்சிகள் என்ன ஆயின என்றும் சிலர் கேட்பார்கள். அவை போய்விடவில்லை. உள்ளே உறுதியாக நிற்கத் தெரிந்தவருக்கு அவை கருவி மாதிரி, வேண்டும்போது எடுத்து, வேண்டாதபோது கீழே வைத்துவிடலாம் என்பது மகா புவாவின் விளக்கம். மகா புவா தன் தாயாருக்கு வெள்ளை உடை தந்து மேச்சியாக்கியபோது, அந்த முதிய அம்மாவுக்குத் துணையிருந்து வழிகாட்ட மேச்சி கேவைத்தான் அழைத்துக்கொண்டார். உதோன் தானி பகுதியில் பான் தாட் வன விகாரை அமைந்த தொடக்க காலத்தில் அவர் அங்கே இருந்தார். பிறகு ஹுவாய் சாய்க்கே திரும்பி, தன் மடத்துப் பெண்களுக்கு அம்மாவாகக் கடைசிவரை வாழ்ந்தார்.

எழுபது வயதைத் தாண்டியபோது உடம்பு மிகவும் மோசமானது. காசநோய், சர்க்கரை என்று ஒன்றன்மேல் ஒன்று. அப்போது மகா புவாவின் பக்தையான ஒரு பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். மருந்து கொடுத்துவிட்டுப் போக வந்தவர், பதினான்கு வருடம் போல அம்மையாரின் பக்கத்திலேயே இருந்து பணிவிடை செய்தார். கடைசிக் காலத்தில் மேச்சி கேவால் நடக்க முடியாது, அதிகம் பேசவும் முடியாது. தொலைதூரத்திலிருந்து வருபவர்கள் கொஞ்ச நேரம் அருகில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள்.

தகனத்துக்குப் பின் எஞ்சிய அவருடைய எலும்புத் துண்டுகள் மணிகளைப் போல மாறின என்று பக்தர்கள் சொல்கிறார்கள். அரகந்தரின் அடையாளமாக அந்த மரபு இதைக் கருதுகிறது. அவற்றை வைத்து ஹுவாய் சாய் மடத்தில் எழுப்பிய தூபி 2006-ல் திறக்கப்பட்டது. தாபாய் நெல் நட்டு, பட்டுப்புழு வளர்த்த அதே ஊர் அது. தூபிக்கு இருக்கும் பெயரோ, தத்தெடுத்த மகளை வைத்து ஊரார் அவரைக் கூப்பிட்ட பெயர்.